பரம்பும் பேயச்சமும்

அச்சம் மக்களைத் தீங்கினின்றும் காப்பதும் உண்டு. அறியவேண்டுவதை அறியவொட்டாமல் தடுப்பதும் உண்டு. இடுகாடுகளைப்பற்றி நம்மவர் கொண்டுள்ள அச்சம் இவ்விரண்டனுள் எவ்வகையினது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

திருநெல்வேலியினின்றும் திருச்செந்தூர் செல்லும் பெருவழியில், பொருநையாற்றின் தென்கரைக்கண் ஆதிச்சநல்லூர் என்னும் சிற்றூர் உளது. அதனை அடுத்துச் சரளைக்கல் நிறைந்து மேடாய்க் கிடக்கும் 114 ஏக்கர் நிலத்தைப் பரம்பு என்பர். இரும்புக்காலத்து மக்கள், 2500 ஆண்டுகட்கும் முன்னர், தம்முள் இறந்தாரைப் பெருந்தாழிகளில் இட்டுப் புதைத்த இடம் இதுவே. நம் சங்கத்து இளைஞர் சிலருடன் யாம் அங்குச் சென்றிருந்தபோது, வழி வினவப்பெற்ற முதியவர் ஒருவர், “பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள் ஐயா, அது செத்தவர் பூமி” என்றார். அதுகேட்டு எம்முடன் வந்தாருள் இருவர் சாலையிலேயே நின்றுவிட்டனர். கல்வி கற்ற இளைஞரையும் விட்டிலது இவ்வச்சம்.

தாழிகளைப்பற்றி நாட்டுப்புறத்தே ஒரு கதை வழங்குகிறது. முற்காலத்தார்க்குச் சாவு வருவதில்லையாம். மூப்பு மிகமிக உடல் குறுகி, விளக்குமாடத்தில் வைக்கத்தக்க அளவினராவராம். பின்னர் அவரைத் தாழியுள் அமர்த்தி, உணவும் உடன் வைத்து மூடிவிடுவராம். உயிருடன் மூடப்பட்டார் என்று கேட்ட குழந்தை அத்தாழியைக் கண்டு நடுங்காது வேறென் செய்யும்?

நம் பழைய நூல்களோ வேறு கூறுகின்றன. சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது, அவன் பெரும்புகழுக்கு ஏற்ற தாழியை வனைதல் நின்னால் இயலுமோ எனக் குயவனை நோக்கி ஐயூர் முடவனார் இரங்கிப் பாடியது புறநானூற்றில் உளது. கணவனை இழந்தாள் ஒருத்தி, தனக்கும் இடம் உண்டாகத் தாழியை அகலமாக வனைக என்று வேண்டுவதும் அந்நூலிலேயே உளது. ஆகவே, தாழி பேயின் உறையுள் அன்று. அன்பின் இறுதிக் கடன்.

மணிமேகலை இன்னும் தெளிவாக உரைக்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்துச் சக்கரவாளக் கோட்டத்தில் தனியே புகுந்த சார்ங்கலன் என்னும் சிறுவன், பேய்மகள் ஆடக் கண்டு வெருண்டோடி, தாய் கோதமையிடம் சென்று வீழ்ந்து உயிர்விட்டான். தாயின் முறையீட்டைக் கேட்டு வந்த சம்பாபதித் தெய்வம், அவன் உயிரை உண்டது அணங்கும் அன்று, பேயும் அன்று. அவன் பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு வந்த ஊழ்வினையே என்று விடைகூறிற்று. பேய்க்கதை கூறும் இடத்தேயே பேயச்சத்தை மறுத்த சாத்தனாரின் நுண்ணறிவு பெரிது.

இனி, இவ்வச்சம் பரம்பைக் காத்ததோ எனின், காத்திலது. 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் என்பார் அகழ்ந்தெடுத்த பொருள்கள் அந்நகர்க்குச் சென்றன. பின்னர் வந்த பிரெஞ்சு அறிஞர் லாப்பிக் என்பாரால் பாரிசுக்குஞ் சில சென்றன. 1899ஆம் ஆண்டு முதலாக அலெக்சாந்தர் ரீ என்பார் முறைப்பட அகழ்ந்து கண்ட பொற்பட்டங்கள், வெண்கல விலங்குருவங்கள், இரும்புப் படைக்கலங்கள் ஆகியன சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிச்சாலையை அடைந்தன. உமி ஒட்டிய கலங்களும் அவர் கண்டார். இறந்தார்க்கு நெல்லிட்ட கையின் அடையாளம் அஃது. அதன்பின் ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2004-05இல்தான் அங்குப் பேரகழ்வு நிகழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள் அடுக்கடுக்காய் வெளிப்பட்டன. மீண்டும் 2021இல் அகழ்வு தொடங்கிற்று. 2023இல் அவ்விடத்தேயே பொருட்காட்சிச்சாலை திறக்கப்பட்டு, கண்ணாடித் தளத்தின்கீழ்த் தாழிகளைக் கிடந்தவாறே காணும் வாய்ப்பு உண்டாயிற்று. நெடுங்காலம் அஞ்சி ஒதுங்கினோர் நாம். அஞ்சாது வந்தோர் அள்ளிச் சென்றனர். அச்சம் காவலாளியை விரட்டியதன்றிக் கவர்வோரை விரட்டவில்லை.

அன்பர்காள், அச்சம் நீங்கிய இந்நாளில் வேறொரு பேய் அங்குக் குடிபுகப் பார்க்கின்றது. தாழியில் துயில்வோர் எம் குலத்தாரே என்று ஒவ்வொரு வகுப்பாரும் உரிமை பேசுகின்றனர். நம் சங்கத்திலும் அவ்வாறு தீர்மானம் இயற்றவேண்டுமென்று சிலர் விரும்புகின்றனர் என அறிகிறோம். அவர்தம் குலப்பற்றை யாம் குறைகூறோம். ஆயினும் இவ்வொன்றற்கு இசையோம். அங்கே அகழ்ந்தெடுத்த எத்தாழி நம் குலப்பெயரைக் கூறிற்று? சான்றின்றிப் பெருமை பேசின், நம் குலத்தின் மெய்யான பெருமையையும் பிறர் ஐயுறுவர். மேலும், இறந்தார் ஒரு வகுப்பினர்க்கே உரியரெனின் ஏனையோர் அவ்விடத்தைப் பேணுதற்கு ஏன் முன்வருவர்? பொதுமூதாதையர் எனக் கொள்ளின் நாம் இழப்பது ஒன்றுமில்லை. அவர்க்குக் காவலர் பலராவர்.

ஆதலின், அத்தீர்மானத்துக்கு மாறாக, ஆண்டுக்கு ஒருமுறை நம் இளைஞரையும் மகளிரையும் சிறாரையும் அங்கு அழைத்துச்செல்வதெனச் சங்கம் முடிவு செய்தல் நலம். சிறார் ஓடொன்றையும் எடாமல், உரத்துப் பேசாமல், தம் பாட்டனார் சமாதியில் நிற்பதுபோல் அங்கு நிற்கக் கற்கட்டும். இறந்தார்க்கு நாம் செலுத்தவேண்டுவது அச்சமும் அன்று, உரிமைவழக்கும் அன்று, மரியாதையே.