பஃபைத் தரையில் வைக்காதே

1984-ல் மதுரை தெற்குவாசல் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டி பெயிண்டிங் பழகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் ஸ்ப்ரே கன்னைத் தொடவே விடவில்லை. எனக்குக் கொடுத்த வேலை, பெயிண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பஃபைக் கழுவுவது. மேஸ்திரி உட்காரும் பெஞ்சுக்கு மேலே சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கம்பளிப் பஃப். கறுப்பு வண்டிக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று. ஒன்றை எடுத்து இன்னொரு நிற வண்டியில் போட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காத மாதிரி திட்டுவார்.

"டேய், பஃபைத் தரையில மட்டும் வைக்காத. ஒரு பொட்டு மணல் ஏறுனாப் போதும், வண்டி பூரா வட்டம் விழுந்துரும்."

நாற்பது வருடம் கழித்து, என்னிடம் பழக வரும் பையன்களுக்கு நானும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். எங்கள் தொழிலின் வரலாற்றை யாரும் எழுதி வைக்கவில்லை. அது இந்தப் பஃபில்தான் இருக்கிறது. பெயிண்ட் மாறியபோதெல்லாம் அதைத் தேய்க்கும் துணியும் மாறியது. துணியைத் தயார் பண்ணும் முறையும் மாறியது.

மதுரைக்கு மோட்டார் பழையது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் இங்கே கம்பெனி தொடங்கியது 1911-ல். அடுத்த வருடமே பஸ் ஓட்டினார். பிற்பாடு அந்தக் கம்பெனி அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளையும் விற்றது. எங்கள் தொழிலுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் முக்கியம். ஆரம்ப காலத்தில் காருக்கும் சாரட்டு வண்டி மாதிரி வார்னிஷ்தான். பூசிக் காய்ந்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். 1920-களில் டூபான்ட் கம்பெனி டூக்கோ என்ற பெயரில் நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார்தான் அதை முதலில் பூசிக்கொண்டு 1923-ல் வெளியே வந்தது, நீல நிறத்தில். வாரக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது. டூக்கோ என்ற அந்தப் பெயர் நம் ஊரில் பெயிண்டுக்கே பெயராகிவிட்டது. இன்றைக்கும் வயதான டிரைவர்கள் "வண்டிக்கு டூக்கோ அடிக்கணும்" என்றுதான் கேட்பார்கள்.

டூக்கோவுக்கு ஒரு குணம் உண்டு. தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டும் காய்கிற பெயிண்ட் அது. கன்னிலிருந்து விழுந்தபடியே விட்டால் மங்கலாக, சொரசொரப்பாக நிற்கும். வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் வைத்து இழுத்தால்தான் முகம் தெரியும். மதுரை வெயிலில் அந்தப் பளபளப்பும் நிற்காது. சில மாதத்தில் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுக்கும். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் டாக்சிகள் எங்கள் வாசலில் வரிசை கட்டும். வெளுத்த தோலைக் கொஞ்சம் உரித்து எடுத்தால் உள்ளேயிருந்து புது நிறம் வரும். அதனால்தான் பஃப் வண்டியின் நிறத்தையே வாங்கிக்கொள்ளும். அதனால்தான் நிறத்துக்கு ஒரு ஆணி.

பஃப் சுற்றும் மெஷின் வருவதற்கு முன்னால் கைதான். மேஸ்திரி பழகிய காலத்தில் மில் வேஸ்ட் பஞ்சு. ஹார்வி துரைமார் 1892-ல் மில் கட்டிய மதுரையில் வேஸ்ட் பஞ்சுக்கா பஞ்சம்? அதிலும் மேஸ்திரி ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். பஞ்சை உதறி, விதைத்தோலும் தூசியும் பொறுக்கிய பிறகே பழைய வேட்டித் துணிக்குள் வைத்துப் பந்தாகக் கட்ட வேண்டும். பந்தின் அடியில் ஒரு மடிப்பு இருந்தால்கூடப் பெயிண்டில் கோடு இழுக்கும்.

நான் சேர்ந்தபோது மெஷினும் கம்பளிப் பஃபும் வந்திருந்தன. அந்தக் கம்பளி நம் பக்கத்து ஆட்டினுடையது இல்லை. ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர் ஆடு எல்லாம் கறிக்கு வளர்ப்பவை. உடம்பில் இருப்பது முடி, கம்பளி இல்லை. நல்ல கம்பளி ஆடு வேண்டுமென்றால் நீலகிரிக்குத்தான் ஏற வேண்டும். எங்களுக்குப் பஃப் கடையிலிருந்து வந்தது, அடியில் கயிறு கோத்து, குல்லா மாதிரி. ரப்பர் தட்டின் மேல் கவிழ்த்துக் கயிற்றை இறுக்கி, முடிச்சை உள்ளே செருக வேண்டும். முடிச்சு வெளியே வந்தால் சுற்றுகிற வேகத்தில் பெயிண்டைச் சவுக்கால் அடித்தது போல அடிக்கும்.

புதுப் பஃபை அப்படியே வண்டியில் வைக்கக் கூடாது. உதிர்கிற முடி நிறைய இருக்கும். மெஷினில் மாட்டி, ஒர்க்‌ஷாப்புக்கு வெளியே போய், மெதுவாகச் சுற்றவிட்டு, முனை மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே பிடிப்போம். வெள்ளை முடி பறக்கும். பிறகு சவக்காரத் தண்ணீரில் அலசி, பிழிந்து முறுக்காமல் அமுக்கித் தண்ணீர் எடுத்து, நிழலில் காயப்போட வேண்டும். வெயிலில் போட்டால் முடி விறைத்துவிடும். வேலை நடுவில் காம்பவுண்ட் காய்ந்து கட்டி தட்டினால் மறுபடி அதே ஸ்க்ரூ டிரைவர். ஆடி மாதம் வந்தால் இன்னும் பாடு. காற்று செம்மண்ணை அள்ளிக்கொண்டு வரும். ஷட்டரைப் பாதி இறக்கி, தரையில் தண்ணீர் தெளித்து, பஃபை ஈரத்துணியில் சுற்றி வைத்து வேலை பார்ப்போம்.

கட்டி தட்டிய பஃப் என்ன செய்யும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டாம் வருடம், ஒரு கறுப்பு பியட்டின் பானெட் ஓரத்தில், சுத்தம் பண்ணச் சோம்பல்பட்டு அதே பஃபைப் போட்டு அழுத்தினேன். சூடேறி, ஓரத்து மடிப்பில் கறுப்பு போய் அடியிலிருந்த சாம்பல் நிற பிரைமர் தெரிந்தது. மேஸ்திரி திட்டவில்லை. பானெட் முழுவதையும் அவரே மறுபடி அடித்தார், இரவு பத்து மணி வரைக்கும். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, 1998-ல் சான்ட்ரோ. அந்த இடைவெளியில்தான் எங்கள் ஆணிகள் காலியாயின. புது வண்டிகளில் நிறம் அடியில் இருக்கும். மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். ஹார்டனர் சேர்ந்து இறுகியது, தின்னருக்குக் கரையாது. பஃபில் நிறமே ஏறாது. ஆனால் அந்தக் கிளியர் கோட் நாற்பது ஐம்பது மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லிசு. கம்பளி அதில் வட்ட வட்டமாகக் கோடு போட்டது. வெயிலில் வண்டியை நிறுத்தினால் சிலந்தி வலை மாதிரி தெரியும். அப்புறம்தான் ஃபோம் பஃப் வந்தது. வெட்டுவதற்குக் கெட்டியானது, முடிப்பதற்கு மெத்தென்றது.

ஃபோமுக்குத் தயாரிப்பு வேறு. காய்ந்த பஃபை வைத்தால் அது தேய்க்காது, துள்ளும். முதலில் பாலிஷை விரலால் எடுத்து முகம் முழுவதும், ஒவ்வொரு துளையிலும் இறங்கும்படி தடவ வேண்டும். அதற்கப்புறம் நாலு பொட்டு போதும். வெல்க்ரோவில் நடுவாக ஒட்டியிருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். அரை விரல் தள்ளியிருந்தாலும் மெஷின் ஆடும். ஒரு பேனல் முடிந்ததும் பிரஷ்ஷால் ஒரு சுற்று. நிறைய கடைகளில் இதைச் செய்வதில்லை. வாடிக்கையாளர் மெஷினைத்தான் பார்க்கிறார், அது எத்தனை ஆயிரம் என்று கேட்கிறார். பஃப் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

போன தை மாதம் ஒரு கரும்பச்சை அம்பாசடர் வந்தது. அப்பா ஓட்டிய வண்டி, டூக்கோவே இருக்கட்டும், மறுபடி அடிக்க வேண்டாம் என்றார் கொண்டுவந்தவர். பெட்டியிலிருந்து கம்பளிப் பஃபை எடுத்து, ஸ்க்ரூ டிரைவர் பிடித்து, அலசிக் காயவைத்து, மறுநாள் ஆரம்பித்தேன். இரண்டு கதவு முடிவதற்குள் பஃப் பச்சையாகிவிட்டது.

"அண்ணே, பெயிண்டு போகுதுண்ணே!" என்று பையன் பதறி ஓடிவந்து மெஷின் சுவிட்சைத் தேடினான்.

அவனைக் கதவு முன்னால் நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். சாயங்காலம் அவனே வாளியில் தண்ணீர் பிடித்துவந்து அந்தப் பஃபைக் கழுவினான். தண்ணீர் பச்சையாக ஓடி முடிய நேரமானது. பிழியாமல் அமுக்கி எடுத்துவிட்டு, எங்கே வைக்க என்று சுற்றிலும் பார்த்தான். சுவரில் ஒரு ஆணி அடித்துக் கொடுத்தேன்.