வீட்டுக் கேமராவின் கதை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு, அம்மா அப்பா இருக்கும் வீட்டைப் போனில் பார்க்கிறவர்களாவது முழுதும் படியுங்கள். டீச்சர் என்பதால் வரலாற்றிலிருந்துதான் தொடங்குவேன். செட்டிங் சமாசாரம் வழியில் வரும்.

நியூயார்க் நகரத்தில் குயின்ஸ் என்று ஒரு பகுதி. அதற்குள் ஜமைக்கா என்று ஒரு பேட்டை. (கிரிக்கெட் ஆடும் ஜமைக்கா வேறு.) அங்கே மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினப் பெண்மணி இருந்தார். செவிலியர். அவர் கணவர் ஆல்பர்ட் எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். இருவருக்கும் நேரங்காலம் இல்லாத வேலை. கணவர் இல்லாத இரவுகளில் யாராவது கதவைத் தட்டினால் மேரி எழுந்துபோய்த்தான் பார்க்க வேண்டும். போலீசைக் கூப்பிட்டால் அந்தப் பேட்டைக்கு அவர்கள் சாவகாசமாகத்தான் வருவார்கள்.

மேரி புலம்பிக்கொண்டு இருக்கவில்லை. கதவில் மேலும் கீழுமாகச் சில துளைகள். அவற்றின் பின்னால் ஏறி இறங்கும் ஒரு கேமரா. குட்டைப் பிள்ளை வந்தாலும் நெட்டை மனிதன் வந்தாலும் முகம் தெரியும். படம் படுக்கையறையில் உள்ள டிவி பெட்டிக்கு வரும். மைக் வழியாக வந்தவரோடு பேசலாம். வேண்டியவர் என்றால் படுத்த இடத்திலிருந்தே பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கலாம். வேண்டாதவர் என்றால் இன்னொரு பொத்தான், அது அபாய ஒலிக்கு. 1966 ஆகஸ்ட் 1 அன்று கணவனும் மனைவியுமாகக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பர் 2 அன்று கிடைத்தது. எண் 3,482,037. இன்று நம் வாசலில் இருக்கும் கேமராவுக்கு மூதாதை அதுதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுக்குள் இருந்த பெண்மணி வெளியே நிற்பவரைப் பார்த்தார். பார்ப்பதா, பேசுவதா, திறப்பதா என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. அதற்குப் பின் ஐம்பது வருஷத்தில் இந்தப் பார்வை எப்படித் திரும்பியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

கம்பி வழியே படம் அனுப்பிப் பார்ப்பது மேரிக்கு முன்பே உண்டு. 1942இல் ஜெர்மனியின் பீனமுண்டேயில் ராக்கெட் கிளம்புவதைத் தூரத்திலிருந்து பார்க்க வால்டர் புரூக் என்ற பொறியாளர் கேமரா பொருத்தினார். பக்கத்தில் நின்றால் ஆள் மிஞ்சமாட்டார் என்பதால் வந்த ஏற்பாடு. இதே புரூக்தான் 1960களில் ‘பால்’ என்ற வண்ணத் தொலைக்காட்சி முறையை உருவாக்கியவர். 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியோடு தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியது அந்த முறையில்தான். உங்கள் டிவிஆர் மெனுவில் ‘பால்’, ‘என்டிஎஸ்சி’ என்று இரண்டு கேட்கும், பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்குப் பொருந்துவது ‘பால்’. அமெரிக்க முறையான மற்றதில் விட்டுவிட்டால் டியூப் லைட் வெளிச்சத்தில் படம் மினுக்கிக்கொண்டே இருக்கும். கேமரா போய்விட்டது என்று கடைக்குத் தூக்குவதற்கு முன் இதைப் பாருங்கள்.

அடுத்தது பதிவு. ஆரம்பத்தில் யாராவது உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால்தான் உண்டு. பிறகு கேசட் வந்தது. கடைகளிலும் வங்கிகளிலும் வைத்த ரெக்கார்டர்கள் விட்டுவிட்டுப் படம் பிடித்து, சில மணி நேரம் ஓடும் கேசட்டில் ஒரு முழு நாளை அடக்கின. பழைய சினிமாவில் திருடன் குதித்துக் குதித்து நகர்வது போலத் தெரியும். தினமும் கேசட் மாற்ற ஓர் ஆள், அடுக்கிவைக்க ஓர் அலமாரி. 1990களின் கடைசியில் ஹார்ட் டிஸ்க் வந்து அந்த வேலையை ஒழித்தது. நிரம்பியதும் பழைய நாளைத் தானே அழித்துக்கொள்ளும்.

“எத்தனை நாள் நிற்கும் டீச்சர்?” என்று கேட்கிறீர்கள். கணக்குப் போடுவோம். ஒரு கேமராவுக்கு விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் 0.25 மெகாபைட். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பெருக்கினால் 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86.4 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் பதினோரு நாள் சொச்சம். ஒரு மாதம் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அசைவு இருக்கும்போது மட்டும் பதியச் சொன்னால் கூடுதல் நாள் நிற்கும். ஆனால் வாசலில் வேப்பமரம் இருந்தால் காற்றடிக்கும்போதெல்லாம் பதியும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தொலைவிலிருந்து பார்ப்பது எப்படி வந்தது என்பது சுவையான கதை. சுவை காப்பியுடையது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் டிரோஜன் ரூம் என்று ஓர் அறை. அதன் வாசலில் ஒரு காப்பி ஜாடி. மாடியில் இருந்தவர்கள் இறங்கி வந்தால் ஜாடி காலியாக இருக்கும். 1991இல் ஒரு கேமராவை ஜாடியை நோக்கி வைத்து, படத்தை எல்லோருடைய கணினிக்கும் அனுப்பினார்கள். 1993இல் அதை இணையத்தில் ஏற்றினார்கள். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் கேம்பிரிட்ஜில் காப்பி இருக்கிறதா என்று பார்க்கலாம்! பார்த்தவர்களும் ஏராளம். 2001 ஆகஸ்ட் 22 அன்று அணைத்தார்கள். இதற்கிடையில், 1996இல் சுவீடனின் ஆக்சிஸ் நிறுவனம் கணினி இல்லாமலே இணையத்தில் சேரும் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

காப்பி ஜாடியை யார் பார்த்தால் என்ன? அங்கே பூட்டு தேவைப்படவில்லை. ஆனால் வீட்டுக்கும் அதே வழியைத்தான் பயன்படுத்தினோம்.

நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் இணைய முகவரியில் 32 பிட். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். 1981இல் வகுத்தபோது தாராளமாகத் தெரிந்தது. பத்துப் பதினைந்து வருஷத்திலேயே போதாது என்று புரிந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு முகவரி, வீட்டுக்குள் இருப்பவை எல்லாம் ரூட்டருக்குப் பின்னால் என்று ஏற்பாடு செய்தார்கள். நம் அக்ரஹாரத்துப் பழைய வீடு மாதிரி: தெருவுக்கு ஒரு கதவு, உள்ளே வரிசையாய் அறைகள். வெளியிலிருந்து டிவிஆரைப் பார்க்க வேண்டும் என்றால் ரூட்டரிடம் “இந்த எண்ணில் வருபவரை டிவிஆரிடம் அனுப்பு” என்று சொல்லிவைக்க வேண்டும். இதுதான் போர்ட் பார்வர்டிங்.

தெருக் கதவின் முகவரியும் மாறிக்கொண்டே இருக்கும். மோடத்தை அணைத்துப் போட்டால் வேறு எண் வரும். மாறும் எண்ணுக்கு மாறாத பெயர் கொடுக்க டின்டிஎன்எஸ் என்ற சேவை வந்தது. அமெரிக்காவின் வூஸ்டர் பாலிடெக்னிக் மாணவர்கள் தொடங்கியது. பல டிவிஆர்களின் மெனுவில் அந்தப் பெயர் தயாராக இருக்கும். 2014 மே மாதத்தில் அதன் இலவசச் சேவையை நிறுத்தினார்கள்.

இப்படித் தெருக் கதவைத் திறந்துவைத்தோம், சரி. பூட்டு? டிவிஆர் பெட்டியில் அச்சடித்து வந்த ‘அட்மின்’, ‘12345’. அதை மாற்றியவர்கள் குறைவு. 2014 நவம்பரில் ரஷ்யாவிலிருந்து இயங்கிய ஒரு தளம், இப்படிப் பாஸ்வேர்டு மாற்றாத ஆயிரக்கணக்கான கேமராக்களின் படத்தை வரிசைப்படுத்திக் காட்டியது. குழந்தை தூங்கும் தொட்டில்கூட அதில் இருந்தது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் மக்களை எச்சரித்தது. யாரும் எதையும் உடைத்து நுழையவில்லை. கதவும் திறந்திருந்தது, சாவியும் அதிலேயே தொங்கியது.

அதைவிடப் பெரியது 2016இல். ‘மிராய்’ என்று ஒரு தீநிரல். அதனிடம் அறுபதுக்கு மேற்பட்ட பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் கொண்ட பட்டியல் இருந்தது, எல்லாம் தொழிற்சாலையில் வைத்தவை. இணையத்தில் திரிந்து, ஒவ்வொரு டிவிஆரிடமும் கேமராவிடமும் இந்தச் சாவிகளைப் போட்டுப் பார்த்து, திறந்தவற்றையெல்லாம் தன் படையில் சேர்த்தது. சில டிவிஆர்களில் உரிமையாளர் பாஸ்வேர்டை மாற்றியும் பயனில்லை. கொல்லைப்புறத்தில் இன்னொரு கதவு, அதன் பாஸ்வேர்டை மாற்ற மெனுவில் இடமே கிடையாது. 2016 அக்டோபர் 21 அன்று இந்தப் படை ஒரே நேரத்தில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் மீது பாய்ந்தது. டிவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. தாக்கப்பட்ட நிறுவனம் எது தெரியுமா? டின். டிவிஆர்களுக்குப் பெயர் கொடுத்து உலகத்துக்கு அறிமுகப்படுத்திய அதே டின்டிஎன்எஸ்காரர்கள். இந்த நிரலை எழுதிய மூன்று பேர் 2017 டிசம்பரில் வெளியான வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மூவரும் இருபதைத் தாண்டிய சிறு வயதுக்காரர்கள். மைன்கிராப்ட் விளையாட்டு சர்வர்களின் தொழில் போட்டியில் தொடங்கிய வேலை என்பது பிறகு வெளிவந்தது.

இப்போது நிலைமை வேறு. 2011 பிப்ரவரியில் உலகப் பொது இருப்பிலிருந்த முகவரிகள் தீர்ந்தன. இன்று பல இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. தெருக் கதவே உங்களுடையது இல்லை, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது கேட் போல. ரூட்டரில் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் போர்ட் பார்வர்டிங் எத்தனை முறை செய்தாலும் நடக்காது. “போன வருஷம் வரை தெரிந்ததே டீச்சர், பைபர் மாற்றியதும் நின்றுவிட்டதே” என்று என்னிடம் கேட்டவர்கள் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். மீதிப் பேருக்கு இன்னும் எளிது: டிவிஆரில் பழைய ரூட்டரின் முகவரியைக் கையால் எழுதிவைத்திருப்பார்கள். நெட்வொர்க் மெனுவில் டிஹெச்சிபி கட்டத்தை டிக் செய்துவிட்டு, அணைத்துப் போட்டால் போதும்.

பொது கேட் பிரச்சினைக்குத் தீர்வாக வந்ததுதான் க்யூஆர் கட்டம். டிவிஆர் தானே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். உங்கள் போனும் அங்கே போய்க் கேட்கும். சர்வர் இருவரையும் சேர்த்துவைக்கும். வசதிதான், வீட்டுக் கதவைத் திறந்துவைக்கவும் வேண்டாம். ஆனால் மேரியின் வீட்டில் கதவுக்கும் கட்டிலுக்கும் இடையே ஒரு கம்பிதான் இருந்தது. இங்கே நடுவில் யாரோ ஒருவருடைய சர்வர் இருக்கிறது. நம் அரசும் 2024 ஏப்ரலில் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கி அறிவித்தது. புதிதாக வாங்குகிறவர்கள் அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

சர்வரைவிடப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். கேமரா மாட்ட வந்த தம்பி. அவர் நல்லவர்தான், ஆனால் அவசரத்தில் தன் போன் எண்ணிலேயே கணக்கைத் திறந்து, உங்களுக்குப் ‘ஷேர்’ மட்டும் செய்துவிட்டுப் போவது வழக்கமாக இருக்கிறது. அப்படியானால் வீட்டின் முதல் பார்வையாளர் அவர். நீங்கள் இரண்டாவது. ஆப்பைத் திறந்து, உங்கள் டிவிஆர் ‘ஷேர்’ செய்யப்பட்டது என்று காட்டுகிறதா என்று இன்றே பாருங்கள். காட்டினால் அவரை அழைத்து விடுவிக்கச் சொல்லி, உங்கள் பெயரில் சேருங்கள். பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். ரூட்டரில் பழைய போர்ட் பார்வர்டிங் இருந்தால் எடுத்துவிடுங்கள். இனி அது தேவையில்லை. யுபிஎன்பி என்று ஒன்று இருக்கும், அதையும் அணையுங்கள். டிவிஆரின் தேதி, நேரம் சரியா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால் மின்சாரம் போகும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் ஓடிவிடும். பிறகு போலீஸ் வந்து ‘செவ்வாய்க்கிழமை இரவு’ என்று கேட்டால் எந்தச் செவ்வாய் என்று தேட வேண்டியதுதான்.

இனி என் சொந்த விஷயம். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் தனியாகத்தான் இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். கனடாவில் இருக்கும் மகன் வந்து நான்கு கேமரா மாட்டினான். வாசல், கொல்லை, மாடிப்படி, ஹால். முதல் மூன்றுக்கும் சரி என்றேன். ஹாலுக்கு மட்டும் மாட்டேன் என்றேன். “அம்மா, நீங்க விழுந்துட்டா எனக்கு எப்படித் தெரியும்?” என்றான். நியாயமான பயம், மறுக்கவில்லை. ஆனால் நான் ஹாலில்தான் காலை நீட்டி உட்கார்ந்து முடி உலர்த்துகிறேன், தங்கையிடம் மருமகளைப் பற்றிப் பேசுகிறேன், சில நாள் காரணமில்லாமல் அழுகிறேன். இதெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பதினோரு நாள் இருக்க வேண்டாம். இரண்டு நாள் பேசவில்லை அவன். மூன்றாம் நாள் அந்தக் கேமராவைக் கழற்றித் தாழ்வாரத்தில் கேட்டைப் பார்க்க வைத்தான். காலை ஏழு மணிக்குள் நான் கோலம் போட வெளியே வருவது அதில் தெரியும். வராவிட்டால் எதிர் வீட்டு மாமிக்குப் போன் செய்வான். இதுவரை ஒரே ஒரு முறை செய்தான். அன்று எனக்குக் காய்ச்சல்.

உங்கள் அம்மாவிடமும் கேட்டுவிட்டு மாட்டுங்கள், பிள்ளைகளே. அவர்கள் “உன் இஷ்டம்பா” என்பார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிடாமல் இன்னொரு முறை கேளுங்கள்.

அப்புறம் ஒரு வேலை. நான் போய்வந்த பல வீடுகளில் டிவிஆர் பரண்மேல் இருக்கிறது. படம் தெரிவது துபாயிலும் சிங்கப்பூரிலும் மட்டும். உள்ளே இருப்பவருக்கு வாசலில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல், பழையபடி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். டிவிஆரின் பின்புறம் எச்டிஎம்ஐ துளை இருக்கும். அங்கிருந்து ஹால் டிவிக்கு ஒரு கேபிள் இழுத்து, ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினால் வாசல் தெரியும் என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுங்கள். அந்தப் பொத்தானில் கொஞ்சம் மஞ்சள் நெயில் பாலிஷ் தடவிவைத்தால் கண்ணாடி போடாமலே தெரியும். என் ரிமோட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். டிவிஆர் மெனுவைப் போட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள் பாஸ்வேர்டை மறைத்துவிட்டு அனுப்பவும்.