துயர்நீக்கும் பொம்மைகள்: குவாத்தமாலா மாயர் வழக்கும் இளவரசிக் கதையும்

குவாத்தமாலாவின் மலைநாட்டில் மாயர் இனத்தார் செய்யும் சிறு பொம்மைகள் ஸ்பானிய மொழியில் 'முன்யேக்காஸ் கித்தாபேனாஸ்' எனப்படுகின்றன. துயர்நீக்கும் பொம்மைகள் என்பது பொருள். மரக்குச்சியையோ கம்பியையோ உடலாக்கி, நூல் சுற்றி, துணித்துண்டால் உடுத்துவர். உறங்கச் செல்லும் குழந்தை பொம்மை ஒன்றுக்கு ஒரு கவலையாகச் சொல்லித் தலையணைக்கு அடியில் வைக்கும்; விடிவதற்குள் பொம்மை அதனை ஏற்றுக்கொள்ளும் என்பது நம்பிக்கை.

பொம்மைகளுடன் வரும் துண்டுத்தாள்கள் இவ்வழக்கின் தோற்றமாக ஒரு கதையைக் கூறுகின்றன. சூரியக் கடவுள் இஷ்முக்கானே என்னும் இளவரசிக்கு மனிதக் கவலைகளைத் தீர்க்கும் ஆற்றலை அளித்தான் என்பதே அது. இதனைப் பண்டைய மாயர் தொன்மமாகக் கொள்ளுமுன் கிச்சே மாயரின் போபொல் வூ நூலை நோக்குதல் வேண்டும். 16ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் எழுதப்பெற்ற அந்நூல், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்னும் தொமினிக்கன் சபைத் துறவி எடுத்த படியின் வாயிலாகவே நமக்குக் கிடைத்துள்ளது. அதில் இஷ்முக்கானே இளவரசி அல்லள்; மூதாட்டி, குறி சொல்பவள், மக்காச்சோளத்தை அரைத்து மாந்தர் உடல் உருவாக வழிசெய்தவள். கவலை கேட்கும் பொம்மை பற்றிய குறிப்பு எதுவும் அந்நூலில் இல்லை. அன்றியும், மரத்தாற் செய்யப்பட்ட மாந்தர் அதில் நெஞ்சும் நினைவும் அற்றவராய், படைத்தோரை மறந்து அழிகின்றனர். அவர்தம் பானைகளும் அரைகற்களும் நாய்களுமே அவர்கள்மீது பாய்கின்றன. துயர் கேட்கும் மரப்பொம்மைக்கு இதனினும் பொருந்தாத மூதாதையைக் காண்டல் அரிது.

வழக்கு போலியானது என்பது இதன் பொருளன்று. வாய்மொழி மரபுக்கு ஏட்டுச்சான்று கட்டாயமில்லை. தொன்மையை மட்டும் தேடும் நோக்கு அண்மை வரலாற்றை மறைத்துவிடுகிறது என்பதே ஈண்டு வலியுறுத்தத்தக்கது. பொம்மையின் ஆடை அவ்வரலாற்றுக்கு உரியது. மாயர் பெண்கள் இடுப்புவார்த் தறியில் நெய்யும் 'ஹுயிப்பில்' என்னும் மேலாடை, வண்ணத்தாலும் கோலத்தாலும் அணிபவரின் ஊரைக் காட்டவல்லது. 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் அவ்வடையாளமே ஆபத்தாயிற்று. 1999இல் வெளிவந்த உண்மை ஆணைய அறிக்கை, கொல்லப்பட்டோரும் காணாமலாக்கப்பட்டோரும் 2,00,000க்கு மேற்பட்டோர் என மதிப்பிட்டது. முழுமையாக அடையாளம் காணப்பட்டோருள் 83 விழுக்காட்டினர் மாயர். ஊர்விட்டு ஓடிய பெண்கள் பலர் தம் மரபுடையைக் களைந்து வேற்றுடை பூண்டனர். கணவரை இழந்தோர் நெசவையும் கைவினையையும் பிழைப்பாகக் கொள்ள, கூட்டுறவுகள் சிலவும் தோன்றின.

இன்று ஆறு பொம்மைகள் கொண்ட சிறு பெட்டிகளாகவும் பைகளாகவும் அவை வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. உடனிருக்கும் தாள் இளவரசியைப் பேசுகிறது. செய்தவளைப் பேசுவது அரிது. பொம்மை உடுத்திய துண்டு எவ்வூர் நெசவு, கைத்தறியா ஆலைத்துணியா, கிழிந்த ஹுயிப்பிலின் எச்சமா என்பவற்றை அருங்காட்சியகச் சேகரங்களில் ஒப்பிட்டுக் காண்பதே இத்துறையில் முதலில் செய்யவேண்டிய பணி.