காலித் தட்டு

போலந்தில் கிறிஸ்துமஸின் உயிர் டிசம்பர் 24 இரவில்தான் இருக்கிறது. அந்த இரவு விருந்துக்கு விகிலியா என்று பெயர். வானத்தில் முதல் நட்சத்திரம் தெரியும்வரை யாரும் சாப்பிட உட்காரக் கூடாது. ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு காத்திருப்பது பிள்ளைகளின் வேலை. மேசைவிரிப்புக்கு அடியில் கொஞ்சம் காய்ந்த புல், தொழுவத்தில் பிறந்த குழந்தையின் நினைவாக. பிறகு ஒப்வாதெக் என்னும் மெல்லிய கோதுமை அப்பத்தை ஒருவருக்கொருவர் பிட்டுக்கொடுத்து வாழ்த்துவார்கள். அப்புறம்தான் பீட்ரூட் சூப், காளான், கெண்டை மீன் எல்லாம். வழக்கப்படி 12 வகை, இறைச்சி கிடையாது.

இத்தனையிலும் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு காலித் தட்டு. வந்திருப்பவர்களின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வைப்பார்கள். யாருக்கு? எதிர்பாராமல் கதவைத் தட்டும் விருந்தாளிக்கு என்பார்கள். இறந்துபோன பெரியவர்களுக்கு என்றும் சொல்வதுண்டு. வரலாறு அங்கே மூன்றாவது ஒருவரையும் உட்காரவைத்தது: உயிரோடு இருந்தும் வீடு திரும்ப முடியாதவர்.

1795இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டு முடித்ததும் போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லாமல் போனது. 1918 வரை அப்படித்தான். 1863இல் ரஷ்யாவுக்கு எதிராகக் கிளர்ந்து தோற்றவர்களில் ஆயிரக்கணக்கானோர் சைபீரியாவுக்குப் போனார்கள். யாசெக் மால்செவ்ஸ்கி 1892இல் வரைந்த 'சைபீரியாவில் விகிலியா' ஓவியத்தில் அவர்கள்தான் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஓவியத்தில் இல்லாத அவர்களுடைய வீடுகளைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

1981 டிசம்பர் 13 அன்று ஜெனரல் யாருசெல்ஸ்கி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். தொலைபேசிகள் செத்தன. சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தினர் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பட்டார்கள். 16ஆம் தேதி வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் சுடப்பட்டவர்களில் 9 பேர் இறந்தார்கள். எட்டே நாளில் விகிலியா! அந்த வருடம் பல வீடுகளில் காலித் தட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. வத்திக்கானில் போப் இரண்டாம் ஜான் பால் தன் ஜன்னலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவைத்தார். தட்டு வைப்பது குற்றம் என்று எந்த அரசு சட்டம் போட முடியும்?

ஆனால் நம்மவருக்காக வைக்கும் தட்டு சுலபமானது என்று எனக்குத் தோன்றுகிறது. 2021இல் பெலாரூஸ் எல்லையைக் கடந்து மத்தியக் கிழக்கிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் மக்கள் வந்தார்கள். போலந்துக் காவலர்கள் அவர்களைத் திரும்பவும் காட்டுக்குள்ளேயே தள்ளினார்கள். குளிரில் சிலர் செத்தும் போனார்கள். நிஜமாகவே கதவைத் தட்டிய விருந்தாளிகள் அவர்கள். அடுத்த வருடம் அங்கே ஐந்தரை மீட்டர் உயரத்தில் இரும்புத் தடுப்பு எழுந்தது.

எல்லையோரம் சில வீட்டுக்காரர்கள் மட்டும் இரவில் பச்சை விளக்கு ஏற்றி வைத்தார்கள். இங்கே வந்தால் சாப்பாடும் சூடும் கிடைக்கும் என்று அதற்கு அர்த்தம். காலித் தட்டை அதன் பழைய பொருளிலேயே எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்தான்.