மாசியும் விடுதியும்: மாலத்தீவில் வீட்டு வருமானம் மாறிய வரலாறு

மாலத்தீவில் சுற்றுலா வருவதற்கு முன்பு வீட்டுக்குக் காசு கொண்டுவந்த பொருள்களில் முதன்மையானது மாசிக்கருவாடு. ஆண்கள் விடியற்காலையில் தோணியில் சென்று, உயிருள்ள சிறுமீன்களை இரையாகத் தூவி, கோல்தூண்டிலால் சூரை மீன் பிடித்தார்கள். கரைக்கு வந்த மீன் பெண்களின் பொறுப்பு. துண்டு போட்டு, உப்பு நீரில் வேகவைத்து, புகையூட்டி, கட்டையைப் போல் இறுகும்வரை வெயிலில் உலர்த்தினார்கள். இலங்கையில் தமிழரும் சிங்களவரும் சம்பலுக்கும் கறிக்கும் இடிக்கும் மாசி இதுதான். கயிறு திரிப்பதும் பெண்களுக்குக் கைக்காசு தந்தது. குடும்ப வருமானத்துக்கான உழைப்பில் பாதி அடுப்படியிலும் முற்றத்திலும் நடந்தது.

1970களின் தொடக்கத்தில் இந்த ஏற்பாடு குலைந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் சிக்கிய இலங்கை மாசி இறக்குமதியைக் குறைத்தது. ஜப்பானிய நிறுவனங்கள் பச்சை மீனைக் கடலிலேயே வாங்கி உறையவைக்கும் கப்பல்களை அனுப்பின. மீனவருக்கு உடனே பணம் கிடைத்தது. மீன் வீட்டுக்கு வரவில்லை. தோணிகளுக்கு இயந்திரம் பொருத்தப்பட்டதும் பிடிப்பு பெருகியது, ஆனால் பெண்களின் வேலை திரும்பவில்லை. 1970களின் இறுதியில் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உழைப்பவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். 1985இல் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மாலத்தீவின் சுற்றுலா வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் கடந்துபோகும் இழப்பு இது.

அதே காலத்தில்தான், 1972இல், தலைநகர் மாலே அருகே குரும்பா தீவில் முதல் சுற்றுலா விடுதி திறந்தது. முதலில் வந்தவர்கள் இத்தாலியர்கள். ஆளில்லாத் தீவு ஒன்றில் ஒரே ஒரு விடுதி என்பது நாட்டின் கொள்கையாயிற்று. மது அருந்தும், நீச்சலுடையில் திரியும் விருந்தினரை முஸ்லிம் ஊர்களிலிருந்து விலக்கிவைக்க இது உதவியது. தெற்கே கான் தீவிலிருந்த பிரிட்டிஷ் விமானத்தளம் 1976இல் மூடப்பட்டபோது அங்கே வேலையிழந்த அட்டு பவளத்தீவு மக்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. அவர்களில் பலர் விடுதிகளில் சேர்ந்தார்கள்.

விடுதி வேலை என்பது விடுதியிலேயே தங்கும் வேலை. ஆண் மாதக்கணக்கில் வேறொரு தீவில் இருந்து, சம்பளத்தோடு சேவைக் கட்டணப் பங்கையும் அன்பளிப்பையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினான். தங்கள் பெண்களை அப்படி அனுப்பக் குடும்பங்கள் தயங்கின. முன்பு கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டிய இடத்தில், தொலைவிலிருந்து வரும் ஒருவர் பணமே குடும்பத்தை நடத்தியது. விடுதிகள் விமான நிலையத்தைச் சுற்றியே நெடுங்காலம் பெருகியதால் தொலைதூரப் பவளத்தீவுகளுக்குக் கிடைத்த பங்கும் சிறிது. விடுதி விருந்தினர் தங்கும் இரவுகளுக்கு விதித்த படுக்கை வரியால் நிறைந்த அரசுக் கருவூலம் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கட்டியது உண்மை. அவற்றில் சிறந்தவை மாலேயில் இருந்ததால் குடும்பங்கள் அங்கே குடிபெயர்ந்தன. உயர்ந்துகொண்டே போன வீட்டு வாடகை அனுப்பிய பணத்தைத் தின்றது. விடுதிகளின் கட்டுமானத்துக்கும் கீழ்நிலை வேலைகளுக்கும் வங்கதேசம், இந்தியா, இலங்கையிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

2009க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி கிடைத்தது. மாஃபுஷி போன்ற ஊர்களில் வீட்டு அறைகளே தங்கும் அறைகளாயின. படகோட்டுவது, சமைப்பது, துணி வெளுப்பது, கடை வைப்பது என்று வருமானம் ஊருக்குள்ளேயே பரவியது. வீட்டை விட்டுப் போகாமல் பெண்கள் ஈட்ட மறுபடியும் வழி பிறந்தது. நாற்பது ஆண்டு முன்பே செய்திருக்க வேண்டிய காரியம் இது. ஆனால் கடனெடுத்து மாடி கட்டியவருக்கும் நிலமில்லாதவருக்கும் இடையே ஊருக்குள் புதிய இடைவெளியும் உண்டாயிற்று.

சுற்றுலா என்ற ஒற்றை வருமானத்தை நம்பியிருப்பதன் ஆபத்தை 2004 சுனாமி முதலில் காட்டியது. 2019இல் 17 லட்சம் பயணிகள் வந்த நாட்டில், 2020 மார்ச் இறுதியில் எல்லைகள் மூடப்பட்டதும் விடுதிகளும் விருந்தினர் இல்லங்களும் ஒருசேர வெறிச்சோடின. ஊழியர் பலர் சம்பளக் குறைப்போடு ஊர் திரும்பினார்கள். ஜூலையில் எல்லை திறந்தும் அவ்வாண்டு வந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தரை லட்சம் பேரே. 2024இல் அந்த எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது. சுற்றுலாவின் இந்த ஏற்ற இறக்கங்களுக்கு நடுவே, பழைய கோல்தூண்டில் மீன்பிடிப்பும் இன்றுவரை தொடர்கிறது.