பழைய திரையும் எதிர்த்து நோக்கிய கண்களும்

சிறுவயதில் பார்த்த தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பேச்செடுத்தால் போதும், பலருக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. ஆனால் அத் தொடரில் யாரை வைத்து நாம் சிரித்தோம் என்பதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

2010களில் அமெரிக்க இளைஞரிடையே ஒரு வேடிக்கை பரவியது. 1989 முதல் 1993 வரை என்.பி.சி. ஒளிபரப்பிய 'சேவ்ட் பை த பெல்' என்ற பள்ளிக்கூட நகைச்சுவைத் தொடரின் காட்சிகளில், பெண்ணியமும் இனவாத எதிர்ப்பும் பேசும் வரிகளைப் பொறித்தார்கள். வரிகளுக்குரியவர் கறுப்பினச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ். தொடரின் பெயரிலும் 'பெல்', அவர் பெயரிலும் 'பெல்'. சொல்விளையாட்டாகத் தொடங்கிய இப் பொருத்தம் வெறும் விளையாட்டன்று. அதன் வேர் ஹூக்ஸின் எழுத்திலேயே இருந்தது.

1952இல் கென்டக்கி மாநிலத்தின் ஹொப்கின்ஸ்வில் நகரில் பிறந்தவர் குளோரியா ஜீன் வாட்கின்ஸ். தமது பூட்டியின் பெயரைப் புனைபெயராக்கி, ஆங்கிலத்தில் அதைச் சிறிய எழுத்துகளிலேயே எழுதிவந்தார். 1992இல் வெளியான 'பிளக் லுக்ஸ்' நூலில், எதிர்த்து நோக்கும் பார்வை பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரை இடம்பெற்றுள்ளது. நிமிர்ந்து பார்த்ததற்காகவே அடிமைகள் தண்டிக்கப்பட்ட வரலாற்றை அதில் அவர் நினைவூட்டுகிறார். 1955இல் மிசிசிப்பியில் 14 வயதான எமெட் டில் கொல்லப்பட்டது, கடையொன்றில் வெள்ளையினப் பெண்ணிடம் முறைதவறி நடந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டதன் பின்னரே. அத்தகைய நாட்டில் தொலைக்காட்சி கறுப்பின மக்களுக்குத் தண்டனையில்லாமல் பார்க்கும் வாய்ப்பைத் தந்தது. தனது வீட்டில் இருந்தபடி வெள்ளையரை எவ்வளவு நேரமும் உற்றுநோக்கலாம் அல்லவா?

அக் காலத் தொடர்களில் ஒன்று 'ஏமொஸ் அன்ட் அன்டி'. 1928இல் வானொலியில் தொடங்கியபோது கறுப்பினப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தவர்கள் இரு வெள்ளையர்கள். 1951இல் சி.பி.எஸ். அதனைக் கறுப்பின நடிகர்களைக் கொண்டு தொலைக்காட்சித் தொடராக்கியது. கறுப்பின உரிமைகளுக்கான பழம்பெரும் அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. உடனே எதிர்ப்புத் தெரிவித்தது. 1953இல் தொடர் முடிவடைந்தபோதிலும் மறுஒளிபரப்பு 1966 வரை நீடித்தது.

அதில் வரும் சபயர் என்ற மனைவி ஓயாமல் கணவனைத் திட்டுபவள். நடித்தவர் ஏர்னஸ்டின் வேட். வேலைக்குப் போகாமல் குறுக்குவழி தேடும் கணவன் வேடிக்கையானவனாகவும், வீட்டுப் பாரத்தைச் சுமக்கும் அவள் எரிச்சலூட்டுபவளாகவும் காட்டப்பட்டார்கள். இளமையில் தாமும் தோழியரும் அவளாக இருக்க விரும்பியதில்லை என ஹூக்ஸ் எழுதுகிறார். ஆனால் வயதில் மூத்த கறுப்பினப் பெண்கள் சபயரின் விரக்தியில் தமது வாழ்வைக் கண்டார்கள். அவள் கேலிக்குள்ளானதை வெறுத்தார்கள். கோட்பாட்டு நூல் எதையும் படியாமலே அப் பெண்கள் நடத்திய விமர்சனம் அது.

இங்கேதான் ஹூக்ஸின் கேள்வி கூர்மையடைகிறது. 1975இல் லோரா மல்வி எழுதிய கட்டுரை, திரைப்படம் ஆணின் பார்வைக்காகவே பெண்ணைக் காட்டுகிறது என்று நிறுவியது. அக் கோட்பாடு சொல்லும் 'பெண்' யார் என்று ஹூக்ஸ் வினவினார். வெள்ளையினப் பெண்ணை மட்டும் மனதில் வைத்த பெண்ணியத்துக்குச் சபயரைக் காணக் கண்ணில்லை. ஆண்களின் கௌரவத்தை மட்டும் காக்க முனைந்த இனவாத எதிர்ப்புக்கும் அவள் தென்படவில்லை.

ஆகவே 1990களின் வண்ணப் படங்களுடன் ஹூக்ஸின் சொற்கள் சேர்ந்தபோது விநோதமான ஒன்று நடந்ததாகக் கொள்ளத் தேவையில்லை. ஆறு முதன்மை மாணவரில் ஒரேயொரு கறுப்பின மாணவி இருந்த தொடர் அது. பார்த்து மகிழ்ந்தவர்களே, வளர்ந்தபின் அதனைத் திரும்பிப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள்.

ஹூக்ஸ் 2021 டிசம்பர் 15இல் காலமானார். பழைய தொடர்களை மறக்கும்படி அவர் சொன்னதில்லை. தாமும் அவற்றைப் பார்த்துச் சிரித்ததை அவர் மறைக்கவுமில்லை. சிரித்துக்கொண்டே விழித்திருக்கலாம் என்பதே அவர் விட்டுச்சென்ற பாடம். நமது பழைய நினைவுகளைப் புரட்டும்போதும், அங்கே திட்டு வாங்கி மூலையில் நின்ற பெண்ணை ஒருமுறை தேடிப் பார்ப்போமா?