நல்லெண்ணெயில் வந்த வாதம்

ஓப்பநாயக்க என்றதும் என் தலைமுறையினருக்கு முதலில் நினைவுக்கு வருவது புகையிரதம். களனிவெளிக் குறுகிய பாதையின் கடைசி நிலையம் அது. 1919இல் அவ்வூரை எட்டிய அந்தப் பாதை 1970களில் மூடப்பட்டுவிட்டது. இன்று இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குப் பேருந்தில் செல்வோர் அதை ஒரு சிறு கடைத்தெருவாகவே கண்டு கடப்பர். ஆனால் கடைத்தெருவைத் தாண்டினால் தோட்டங்கள், லயன்கள், நம் சனங்கள்.

பல வருடங்களுக்கு முன்னர் அப்பகுதித் தோட்டமொன்றில் ஒரு சடங்கு வீட்டுக்குச் சென்றிருந்தேன். பெரியவளான பேத்திக்குக் கொடுப்பதற்காகப் பாட்டி ஒரு போத்தல் நல்லெண்ணெய் வாங்கி வைத்திருந்தார். அதில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து என் முன் நீட்டி, "மோந்து பாருங்க ஐயா, வாசம் சரியா இருக்கா?" என்று கேட்டார். நல்ல எள்ளின் மணம். இத்தனை எச்சரிக்கை எதற்கென்று அன்று எனக்கு விளங்கவில்லை. பின்னாளில் ஒரு மருத்துவக் கட்டுரையைப் படித்தபோதுதான் அந்த உள்ளங்கை மீண்டும் நினைவுக்கு வந்தது.

1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கையின் வெவ்வேறு தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிறுமியருக்குக் கைகால்கள் விளங்காமற் போயின. யாவரும் தமிழ்ப் பிள்ளைகள், யாவரும் ஏறக்குறைய ஒரே பருவத்தினர். ஆண் பிள்ளைகளுக்கு இந்நோய் வரவில்லை. தொற்றுநோயாயின் லயன் அறைகளின் நெருக்கத்தில் அண்ணன் தம்பியை விட்டுவைத்து அக்காளை மட்டும் தேடிப் பிடித்திராது. பேராதனை மருத்துவ பீடத்தைச் சேர்ந்த நரம்பியல் வல்லுநர் நிமால் சேனாநாயக்கவும், தொழிற்சுகாதாரத் துறையில் பின்னர் உலகறிந்த பெயராகிய ஜே. ஜெயரட்ணமும் இதற்கு விடை கண்டனர். 1981 ஜனவரியில் இலண்டனின் 'லான்செட்' சஞ்சிகையில் அது வெளியாயிற்று.

குற்றவாளி நல்லெண்ணெய். சரியாகச் சொன்னால், நல்லெண்ணெயில் கலந்திருந்த டிரைகிரெசில் பொஸ்பேற்று என்னும் இரசாயனம். பூப்பெய்திய பெண்ணுக்கு முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் கொடுத்து இடுப்பெலும்புக்கு வலுவேற்றுவது நம்மவர் வழக்கம். வீட்டில் மற்றவர்கள் கறிக்குத் துளித்துளியாக விட்டுக்கொள்ளும் எண்ணெயை அந்தச் சில நாட்கள் ஒரு பிள்ளை மட்டும் பச்சையாகக் குடிக்கிறாள். வறுமைப்பட்ட தாய் கைக்காசைச் செலவழித்து மகளுக்கு வாங்கிக் கொடுத்த சத்துணவே நஞ்சாயிற்று. கனிய எண்ணெய் இருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றிவந்ததால் இக்கலப்பு நேர்ந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. எவரும் வேண்டுமென்று நஞ்சிடவில்லை. பீப்பாவைக் கழுவவில்லை, அவ்வளவுதான்.

இந்த இரசாயனம் இயந்திர மசகெண்ணெயிலும் பிளாத்திக்குத் தயாரிப்பிலும் பயன்படுவது. நிறமில்லை, மணமும் ஏறக்குறைய இல்லை. பாட்டியின் உள்ளங்கைச் சோதனையில் அது அகப்பட்டிராது. உட்கொண்டவுடன் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழிந்தபின் கெண்டைக்கால் வலிக்கும், பாதம் தொங்கும், பின்னர் கைகளும் தளரும். அதற்குள் சடங்கு முடிந்து, எண்ணெய்ப் போத்தலும் காலியாகிவிட்டிருக்கும். இன்றைய நோயை மூன்று வாரத்துக்கு முந்தைய உணவோடு முடிச்சுப்போட எந்தத் தாய்க்குத் தோன்றும்?

காலிலிருந்து தொடங்குவதற்கும் காரணமுண்டு. முள்ளந்தண்டிலிருந்து பாதம் வரை செல்லும் நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமானது. ஒரே உயிரணுவின் வால் அது. அந்த நீண்ட இழையைப் பேணுவதில் பங்குகொள்ளும் ஒரு நொதியத்தை இந்நஞ்சு பற்றிக்கொள்கிறது. 1960களின் இறுதியில் பிரித்தானிய ஆய்வாளர் மார்ட்டின் ஜோன்சன் அந்நொதியத்தை இனங்கண்டார். பாதிக்கப்பட்ட இழை நுனியிலிருந்து பட்டுக்கொண்டு வருகிறது. நீர் குறைந்த வாய்க்காலில் கடைமடை முதலில் காய்வதைப் போன்றது இது.

உலகில் இது புதுமையன்று. 1930இல் அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்தில் இஞ்சிச் சாரத்தைக் குடித்த பல்லாயிரம் ஏழைகள் இதே நஞ்சினால் கால் விளங்காமற் போயினர். 1937இல் தென்னாபிரிக்காவின் டர்பனில் மசகெண்ணெய்ப் பீப்பாக்களில் வைத்த சமையல் எண்ணெய். 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில் விமானப்படைத் தளத்தின் எஞ்சிய இயந்திர எண்ணெய், சுமார் பத்தாயிரம் பேர். 1988இல் கல்கத்தாவின் பெகாலாவில் மீண்டும் சமையல் எண்ணெய். எங்கும் மலிவான எண்ணெய் வாங்கியவனே விழுந்தான்.

சேனாநாயக்க தம் நோயாளிகளை மூன்றாண்டுகள் தொடர்ந்து பார்த்து 1981இல் இன்னொரு கட்டுரையும் எழுதினார். இந்த விடாப்பிடியே என்னைக் கவர்ந்தது. ஏனெனில் இந்நோய்க்கு இரண்டாவது முகம் ஒன்றுண்டு. கைகால் நரம்புகள் மெல்ல மீண்டும் வளரும். மூளையிலிருந்து முள்ளந்தண்டினூடாக இறங்கும் பாதை அவ்வாறு வளர்வதில்லை. முதலில் தசை துவண்டு கிடப்பதால் உள்ளேயுள்ள அச்சேதம் வெளித்தெரியாது. துவட்சி நீங்கும்போதுதான் விறைப்பு தலைகாட்டும். அமெரிக்க இஞ்சிச்சாரப் பாதிப்பிலிருந்து தப்பியவர்களை 47 ஆண்டுகளுக்குப் பின் பரிசோதித்தவர்கள் இதையே கண்டார்கள். அந்தக் கட்டுரை வெளியான ஆண்டு 1978. இங்கே நம் பிள்ளைகள் படுக்கையில் கிடந்த காலம்.

சேனாநாயக்கவைப் பற்றி ஒரு வார்த்தை. உணவு உண்ணும்போது மட்டும் வரும் வலிப்பு, கணக்குப் போடும்போது வரும் வலிப்பு என மூளையின் விசித்திரங்களைத் தேடிப் பதிவுசெய்தவர் அவர். பூச்சிநாசினி அருந்தியோருக்குச் சில நாட்களில் மூச்சுத்தசை தளரும் நிலையை லக்ஷ்மன் கரல்லியத்தவுடன் இணைந்து 1987இல் உலகுக்கு அறிவித்தவரும் அவரே. அப்பூச்சிநாசினிகளும் நல்லெண்ணெயில் கலந்த நஞ்சும் ஒரே பொஸ்பரசுக் குடும்பத்தவை என்பது கவனிக்கத்தக்கது.

மருத்துவக் கட்டுரையில் இடம்பெறாத ஒரு விடயம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அது மொழி. தோட்டத்து மருந்தகத்திலும் அரசாங்க வைத்தியசாலையிலும் தமிழ் தெரிந்தவர் அரிதாக இருந்த காலம் அது. "கால் வெலங்கல, சதை குத்துது" என்பதை மொழிபெயர்த்துவிடலாம். "பிள்ளை எப்போது பெரியவளானாள், அந்த நாட்களில் என்ன கொடுத்தீர்கள்" என்ற கேள்வியை ஓர் ஆண் வைத்தியர் வேற்று மொழியில் கேட்டு, கூச்சப்படும் தாயிடமிருந்து விடை பெறுவது எளிதன்று. அந்த விடை கிடைத்ததால்தான் எண்ணெய் பிடிபட்டது.

காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாகி, பஞ்சம் தோட்டங்களை வாட்டி ஓய்ந்திருந்தது. 1977 ஆகஸ்டில் வன்செயல் தோட்டங்களுக்கும் பரவிற்று. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறிக்கொண்டிருந்தன. இருபது சிறுமியரின் கால்கள் பத்திரிகைத் தலைப்பாகும் நாட்கள் அல்ல அவை. 1977இல் பதின்மூன்று வயதான பிள்ளை 1964இல் பிறந்திருப்பாள்; அந்த ஒப்பந்தம் கைச்சாத்தான ஆண்டும் அதுதான். இன்று அவளுக்கு அறுபது கடந்திருக்கும்.